பொன் வயலுக்குப் போனவர்கள்

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், மொகிலி மலைவழி ஏறுவதற்கு முன்னால், பங்காருபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. பங்காரு என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் பொன் என்பது பொருள். பாளையம் என்பது பாளையக்காரர் ஆண்ட காலத்தை நினைவூட்டும் சொல். பெயரில் பொன் இருக்கிறதே தவிர மண்ணில் பொன் இல்லை. அங்கே விளைவன மாவும், கரும்பும், நிலக்கடலையும், கேழ்வரகுமே. பொன் வேண்டுமென்றால் மேற்கே மலையேறி, பலமனேரைக் கடந்து, வெங்கடகிரிக்கோட்டை வழியாக மைசூர்ச் சீமைக்குள் சென்றாக வேண்டும். அப்படிச் சென்றவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். அவர்கள் போன ஊர் கோலார் தங்கவயல். அவ்வூரைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1911ஆம் ஆண்டு வரையில் பங்காருபாளையம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. திருத்தணிப் பகுதி மட்டும் 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. ஆகவே, பிழைப்புக்காகத் தங்கவயல் போனவர்கள் வேற்று மாநிலத் தமிழர் ஆனார்கள். எங்கும் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தவர்களும் வேற்று மாநிலத் தமிழர் ஆனார்கள். பம்பாயிலும் டில்லியிலும் பிலாயிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நேயர்கள், 'வெளிமாநிலம்' என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அறிந்துகொள்வது நன்று.

மாரிக்குப்பம், ஊர்காம் முதலிய சிற்றூர்களில் மழை பெய்து ஓய்ந்தபின் ஓடை மணலை அரித்துப் பொன்துகள் எடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்தது. 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இதைக் கேள்வியுற்றார். பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரார் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் முன்னே கழுவிக் காட்டினார்கள் என்பர். அவர் எழுதி வைத்த குறிப்பு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உறங்கிற்று. பிறகு லவெல் என்னும் அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்று பெங்களூரில் தங்கியிருந்தவர், அக்குறிப்பைப் படித்துவிட்டு 1873இல் மைசூர் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். 1875இல் இருபது ஆண்டு உரிமை கிடைத்தது. கையில் பணம் இல்லாமையால் அவரால் ஆழத் தோண்ட இயலவில்லை. உரிமை கைமாறியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இலண்டனிலிருந்து வந்து சேர்ந்தனர். அவர்களுக்கும் முதல் சில ஆண்டுகள் நட்டமே. கம்பெனியை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த தறுவாயில், எஞ்சிய பணத்தைக் கொண்டு முன்னோர் தோண்டிய பழங்குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தபோது, 'சாம்பியன் ரீஃப்' என்று பின்னர்ப் புகழ்பெற்ற பொற்படிவு தென்பட்டது. அதன் பின்னர் அந்தப் பாழ்நிலத்தில் ஓர் ஊர் எழும்பத் தொடங்கியது.

ஊர் எழும்ப ஆட்கள் வேண்டுமல்லவா? சுற்றுவட்டாரக் குடியானவர்கள் நிலத்தை விட்டுப் பாதாளத்துக்குள் இறங்க முன்வரவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான், 1876 முதல் 1878 வரையில், தாது வருடத்துப் பெரும்பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியிருந்தது. வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் நிலமற்ற பண்ணையாட்கள், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட குலத்து மக்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தனர். பண்ணையில் கூலி என்பது படியரிசி. அதுவும் ஆண்டையின் மனம்போல. தங்கவயலில் கூலி காசாகக் கிடைத்தது. மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். பஞ்சம் துரத்தியது, காசு இழுத்தது என்று மட்டும் சொன்னால் போதாது. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதவன் அங்கே செருப்பணிந்து நடந்தான். இந்த மூன்றாவது காரணத்தைக் கம்பெனிக் கணக்கேடுகளில் காண முடியாது. பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தங்கவயலின் மக்கள்தொகை ஏறக்குறைய 38,000. இருபது ஆண்டுகளுக்கு முன் முள்ளும் கல்லுமாகக் கிடந்த இடம் அது. சுரங்க வேலையில் கைதேர்ந்தவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தனர். காவலுக்குப் பஞ்சாபியர் வந்தனர். கணக்கெழுதவும் எந்திரம் ஓட்டவும் ஆங்கிலோ இந்தியர் வந்தனர். கல்லை உடைத்தவர்களோ பெரும்பாலும் தமிழர்.

எங்கள் பாட்டனார் 1926இல் புறப்பட்டார். அப்பொழுது மாரிக்குப்பத்துக்கு இரயில் உண்டு. பௌரிங்பேட்டையிலிருந்து கிளைப்பாதை 1894லேயே போட்டாகிவிட்டது. ஆயினும் அவர் நடந்தே போனார். கேழ்வரகு மாவு ஒரு மூட்டை, புளியும் மிளகாயும் ஒரு சிறு பொட்டலம், இன்னும் ஐந்தாறு பேர் துணை. மொகிலிக் கோயிலில் ஒரு கும்பிடு, பிறகு மலை. மூன்று நாள் நடை. "இரயிலில் போயிருக்கலாமே தாத்தா?" என்று நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கேட்டதுண்டு. "இரயிலுக்குக் காசு இருந்தால் நான் எதற்கடா தங்கவயலுக்குப் போகிறேன்?" என்று சிரிப்பார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வீட்டுக்கு 'லைன்' என்று பெயர். வீடு என்று சொல்லத் தயக்கமாயிருக்கிறது. மூங்கில் தட்டியால் சுவர், குனிந்துதான் நுழைய வேண்டும், ஒரே அறை. அதில் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். அது போல வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான தட்டி வீடுகள். மேட்டின்மேல் துரைமார் பங்களாக்கள், பூந்தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள், கிளப்புகள். தட்பவெப்பமும் இதமானது, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரம். துரைமார் அவ்விடத்தைக் 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லமாக அழைத்தார்கள். ஒரே ஊரின் பெயரால் இரண்டு ஊர்கள் இருந்தன என்பதே சரி. இரண்டுக்கும் நடுவே இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்னும் கடைத்தெருக்கள். சம்பள நாளில் அங்கே கூட்டம் அலைமோதும். மறுநாள் கடன்காரர் கூட்டம் லைன்களில் அலைமோதும்.

பூமிக்கு மேலே இப்படி, பூமிக்குக் கீழே?

சங்கு ஊதினால் 'ஷிஃப்ட்' மாறும். இரும்புக் கூண்டில் ஆட்களை அடைத்துக் கம்பிவடத்தில் இறக்குவார்கள். ஒரு கூண்டில் இறங்கி, சிறிது தூரம் நடந்து, அடுத்த கூண்டில் மறுபடியும் இறங்கி, பிறகு வேலை முகப்புக்குச் செல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியசுக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி மனிதன் நிற்க முடியாது. மலைபோன்ற பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறை சில வேளைகளில் திடீரென வெடித்துச் சிதறும். பாறைவெடிப்பு என்று நூலோர் கூறுவர். லைனில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். வெடித்தால் மேலே பரணிலிருக்கும் பாத்திரம் உருண்டு விழும். பாத்திரம் உருளும் ஓசை கேட்டவுடன் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும்வரை அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. எங்கள் பாட்டியார் இதைச் சொல்லும்போது அவர் கை தானாகவே தாலிக்கயிற்றைத் தொடும்.

வெடிப்பு சிலரைக் கொன்றது. தூசு பலரைக் கொன்றது. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து இறுகி மூச்சைத் திணற வைக்கும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். 1940க்குப் பின் தங்கவயல் தொழிலாளரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் பற்றியிருக்கக் கண்டனர். நோயுற்றவர்க்கு இழப்பீடு வழங்க மைசூர் அரசாங்கம் 1940இல் விதி செய்தது. அதற்குள் சுரங்கங்களுக்கு வயது அறுபது ஆகிவிட்டது.

தங்கவயலைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் சொல்லும் பெருமை ஒன்று உண்டு, அது மின்சாரம். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்னாற்றல் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாத இறுதியில் தங்கவயலுக்குக் கொடுத்தார்கள். அத்தனை நீளமான மின்பாதை உலகிலேயே அன்று அரிது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். அத்திட்டத்தை முன்னின்று தொடங்கியவர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பகுதித் தமிழர். திட்டம் நிறைவேறுவதற்கு முன்னரே, 1901இல் அவர் காலமானார். பெருமை பெருமைதான். ஆயினும் அந்த மின்சாரம் வந்தது சுரங்க எந்திரங்களை ஓட்ட என்பதையும், தட்டி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.

நீரும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தது. பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கி ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். வாணியம்பாடியையும் ஆம்பூரையும் வேலூரையும் தொட்டுச் செல்லும் அதே பாலாறு. ஊரை விட்டு வந்தாலும் ஊராற்று நீர்தான் குடிக்கிறோம் என்று எங்கள் பாட்டனார் ஆறுதல் கொள்வாராம். அது மேலாற்று நீர். நம்மவர்க்கு முன்னால் இவர்கள் குடித்தார்கள் என்பது அதிலுள்ள சிறு வேடிக்கை.

இதுவரை சொன்னவற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். வீடு கம்பெனி கொடுத்தது. வெளிச்சம் கம்பெனிக்காக வந்தது. நீரும் மருத்துவமனையும் சங்கும் கம்பெனியைச் சேர்ந்தவை. வேலை இருந்தால் அவை உண்டு. வேலை போனால் அவை இல்லை. கம்பெனி கொடுக்காதது, தொழிலாளர் தாமே உண்டாக்கிக்கொண்டது ஏதேனும் உண்டா? உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இவ்வளவும் கூறினோம்.

அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து 1907இல் ஓர் இதழ் தொடங்கினார்; 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர்; பின்னர் அது 'தமிழன்' ஆயிற்று. அதனைப் படித்தவர்களில் தங்கவயல் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கத்தின் கிளை ஏற்பட்டது. எட்டு மணி நேரம் பாதாளத்தில் உழைத்துவிட்டு மேலே வந்தவர்கள், சாதி வேண்டா என்று சொல்லும் அறத்தைக் கேட்க மாலையில் கூடினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார், இதழ் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பண்டிதரின் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையார் அச்சிட்டுப் பரப்பினர். தமிழ்நாட்டுப் புலவர் பலர் அந்நூல்களை மறந்திருந்த காலத்தில், கன்னட நாட்டின் ஒரு மூலையில், கூலிக்காரர் கொடுத்த காசில் அவை அச்சாயின. பிற்காலத்தில் பண்டிதரை ஆராயப் புகுந்தவர்கள் தங்கவயல் பதிப்புகளையே முதலில் தேடிச் சென்றனர்.

எங்கள் பாட்டனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 'தமிழன்' படிக்கக் கேட்டிருக்கிறார். ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வானொலிப் பெட்டி வருவதற்கு முன்னால் லைனில் இருந்த வானொலி அதுதான்.

சங்கம் அமைக்கும் துணிவும் அங்ஙனமே வளர்ந்தது. 1930 ஏப்ரலில் தொழிலாளர் ஒவ்வொருவரின் விரல்ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் ஆணையிட்டது. திருடனிடம் வாங்குவது போலக் கைரேகை வாங்குவதா என்று கொதித்தெழுந்தார்கள். அன்று அவர்களுக்குப் பதிவு பெற்ற சங்கம் இல்லை. எனினும் ஐந்து சுரங்கங்களிலும் வேலை நின்றது. இருபத்தொரு நாள் நின்றது. கூலி உயர்வுக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் அன்று அது, மானத்துக்காகத் தொடங்கியது. அப்போது பாட்டனாருக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டே ஆகியிருந்தது. அந்த இருபத்தொரு நாளும் அவர் காட்டுக் கீரை தின்றதாகச் சொல்வார். "கம்பெனிக்குக் கை கொடுத்தேன், கைரேகை கொடுக்கவில்லை" என்பது அவர் வாக்கு. முதுமையில் எதற்காகவாவது கைநாட்டு வைக்க நேர்ந்தால், மைக்கூட்டைப் பார்த்துச் சிறிது நேரம் சும்மா இருப்பார், பிறகுதான் வைப்பார்.

நாற்பதுகளில் பொதுவுடைமைக் கட்சியினர் சங்கத்தை வலுப்படுத்தினர். 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். அந்நாளைத் தங்கவயல் மறக்கவில்லை. 1954இல் டாக்டர் அம்பேத்கர் அவ்வூருக்கு வந்தார். செங்கொடி, நீலக்கொடி, கறுப்பும் சிவப்பும் கலந்த கொடி எல்லாம் ஒரே தெருவில் பறக்கக் கண்டிருக்கிறோம். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. சோறு ஒரே பானையில்.

1956 டிசம்பரில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962 டிசம்பரில் மத்திய அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இடையே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1965இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களும் அச்சுரங்கத்தின் அடிவயிற்றில் கருவிகளை வைத்து, வானவெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். வானத்தை ஆராய்வதற்குப் பாதாளத்தில் இறங்கினார்கள். அக்கருவிகளை வைக்க இடங்கொடுத்த குகையைக் குடைந்தவர்கள் நம்மவர்கள். அறிவியல் நூல்கள் அதைக் குறிப்பதில்லை என்றாலும் நாம் குறிக்கலாம்.

பொன் குறைந்துகொண்டே வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிற்று. ஆழமோ கூடிக்கொண்டே போயிற்று. செலவு வரவை விழுங்கியது. ஏறக்குறைய 800 டன் பொன்னை நாட்டுக்கு ஈந்தபின், 2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. எங்கள் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்துக்கு அருகே பிசானத்தம், சிகரகுண்டா என்னும் இடங்களில் அந்நிறுவனம் நடத்திய சிறு சுரங்கங்களும் அத்தோடு ஓய்ந்தன.

எங்கள் சிற்றப்பா அங்கேயே லைனில் பிறந்து, அங்கேயே சுரங்கத்தில் வேலை பார்த்து, அந்தக் கடைசி நாள் வரையில் இருந்தவர். தந்தையார் பாட்டியாரோடு பங்காருபாளையத்தில், பாட்டனார் அனுப்பிய மணியார்டரில் வாங்கிய ஒன்றரை ஏக்கரில் தங்கிவிட்டார். ஆக, குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மாந்தோப்பில், ஒரு கிளை பாறைக்கடியில். சுரங்கம் மூடியதைக் கேட்டதும் தந்தையார் எங்களையும் அழைத்துக்கொண்டு தங்கவயல் சென்றார். தம்பியை ஊருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஊர் அமைதியாயிருந்தது. பழகாத அமைதி. சிற்றப்பா சொன்னார்: "ஒன்றும் இல்லை அண்ணா, சங்கு ஊதவில்லை. அதனால் தூக்கம் கலையமாட்டேன் என்கிறது. கலைந்தால் மறுபடி வரமாட்டேன் என்கிறது."

தந்தையார் மெல்லப் பேச்சைத் தொடங்கினார். "வீடு வேலையோடு வந்தது. வேலை போன பிறகு வீடு யாருடையது என்று கேள்வி எழுந்திருக்கிறது. இதில் எத்தனை நாள் இருப்பாய்? நம் ஊரில் நிலம் இருக்கிறது. உனக்கும் அதில் பாதி. வந்துவிடு தம்பி."

சிற்றப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த நிலம் அப்பா இங்கிருந்து அனுப்பிய காசு. அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் அண்ணா, அந்த ஊரில் நான் விருந்தாளி. இங்கே என்னைத் தெரியாத நாய் இல்லை. அம்மாவின் சொந்தம் அங்கே. என் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் இங்கே. அப்பாவையும் இங்கேதானே புதைத்தோம்?" என்றார்.

தந்தையார் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தம் தம்பியின்மேல் அவருக்கு வருத்தந்தான். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே அன்று நாங்களும் எண்ணினோம். வருமானம் இல்லாத ஊரில், தமக்கு உரிமை என்று எழுதிக்கொடுக்கப்படாத வீட்டில் ஒருவர் ஏன் இருக்க வேண்டும்? இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஜாம்ஷெட்பூரிலோ ரூர்கேலாவிலோ கம்பெனிக் குடியிருப்பில் முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, ஓய்வுபெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க நேரும் நேயர்களுக்கு இதற்கு நாம் விளக்கம் கூற வேண்டியதில்லை.

சுரங்கம் மூடியபின் தங்கவயல் அழிந்துவிடும் என்றார்கள். அது அழியவில்லை, விடியற்காலையில் எழுந்து இரயில் ஏறப் பழகிக்கொண்டது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பாட்டன் செங்குத்தாகப் பயணம் செய்தான், பேரன் கிடையாகப் பயணம் செய்கிறான். பயணம் என்னவோ நிற்கவில்லை. 1964 முதல் அங்கிருக்கும் மண்வாரி எந்திரத் தொழிற்சாலையும் பலருக்குச் சோறு போடுகிறது. வீட்டு வாடகை பெங்களூரை நோக்க மிகக் குறைவு. ஓய்வுபெற்றோர் சிலர் அதற்காகவே குடிவருவதையும் பார்க்கிறோம்.

குடிவர எண்ணுவோர்க்கு இரண்டு சொல். வீடு பார்க்கும்போது காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். பாறையை அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன் எடுத்தபின் எஞ்சிய மண்ணை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோடைக் காற்றில் அந்தத் தூசு ஊருக்குள் வரும். மழையில் அந்த நீர் தாழ்ந்த இடங்களுக்கு வரும். அவ்வாறான பதின்மூன்று திட்டுகளை மறுபடியும் கிளறி, மிச்சம் மீதியுள்ள பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. கிளறும்போது தூசை அடக்க என்ன செய்வார்கள் என்பதை ஊரார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் சிற்றப்பா அலுவலகத்தில் கன்னடமும், கடைத்தெருவில் தெலுங்கும், வீட்டில் தமிழும் பேசுவார். மூன்றிலும் அவர் இலக்கணப் பிழை செய்வார். மூன்றிலும் அவருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் தங்கவயல் திரைப்படங்களிலும் இடம்பெற்றுவிட்டது. 2018இல் வந்த கன்னடப் படத்தைக் கண்டு, துப்பாக்கியும் புழுதியுமே அவ்வூர் என்று எண்ணிக்கொண்டு வருவோர் உண்டு. 2024இல் பா. இரஞ்சித் இயக்கிய 'தங்கலான்' வட ஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிப் போனவர்களைக் காட்டிற்று. அதைப் பார்த்துவிட்டுச் சிற்றப்பா, "கூட்டம் சரி, ஆனால் எங்கள் காலத்தில் பாம்பைவிட மேஸ்திரிக்குத்தான் பயந்தோம்" என்றார்.

சென்ற முறை நாங்கள் அங்கே போனது புதிய விரைவுச் சாலையில். பெங்களூருக்கு அருகே ஒசகோட்டையில் தொடங்கி, தங்கவயல், பலமனேர், பங்காருபாளையம், சித்தூர்ப் பகுதிகளின் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் ஏறத்தாழ 260 கிலோமீட்டர்ச் சாலை அது. கருநாடகப் பகுதி 2024 டிசம்பரில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. எங்கள் பாட்டனார் கேழ்வரகு மூட்டையோடு நடந்த வழியையே அச்சாலை ஏறக்குறையப் பின்பற்றுகிறது. அவர் மூன்று நாள் நடந்தார். நாங்கள் அக்கருநாடகப் பகுதியைக் கடந்தபோது, பேச எடுத்த பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிட்டது.

சிற்றப்பாவுக்கு இப்போது வயது எழுபத்தைந்தாகிறது. தந்தையார் இல்லை. லைன் வீட்டின் முன்னால் கைப்பிடி அகலத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு, "அடுத்த முறை நம் தோப்பிலிருந்து மாங்கன்று இரண்டு கொண்டு வாருங்கள்" என்றார். இந்த மண்ணில் மா வருமா சித்தப்பா என்று கேட்டோம். "வேம்பு வந்திருக்கிறதே, பாருங்கள்" என்று காட்டினார்.

ஆடி மாதத்தில் இரண்டு கன்றுகள் கொண்டுபோய்க் கொடுத்தோம். பங்காருபாளையத்து மண்ணையும் ஒரு கோணிப்பை நிறையக் கட்டிக்கொண்டு போனோம். குழியில் அதைக் கொட்டி அதன்மேல் வைத்தார். ஒரு கன்று பட்டுவிட்டது. மற்றொன்று துளிர் விட்டிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார்.